பிரிட்டனில் நர்ஸ் வேலை: உள்ளூர்ப் பட்டதாரியா, நீங்களா?

ஆங்கிலத் தேர்வில் தேறிவிட்டால் பிரிட்டன் ஆஸ்பத்திரிகள் தானாகக் கூப்பிடும் என்று 2022, 2023-இல் சொல்லிக்கொண்டார்கள். அது அப்போது ஓரளவு உண்மைதான். இன்று அதை நம்பி வேலையை விடாதீர்கள். அந்நாட்டுச் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி-யில் 2023-24-இல் வெளிநாட்டில் படித்த சுமார் 29,600 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். மறு ஆண்டு அது சுமார் 20,700 ஆகக் குறைந்தது. இன்னொரு பக்கம், அங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளும் வேலை கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே விண்ணப்பிப்பது என்று புரியும். இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கு அரசு கொடுத்துவந்த உதவித்தொகை 2017-இல் நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிப் படிக்க வேண்டிய நிலை வந்ததும் விண்ணப்பங்கள் குறைந்தன. 2019 தேர்தலில் கூடுதலாக 50,000 நர்ஸ்களைக் கொண்டுவருவோம் என்று ஆளுங்கட்சி வாக்குறுதி தந்தது. ஒரு நர்ஸைப் படிக்கவைத்து உருவாக்க மூன்று ஆண்டாகும். இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் சில மாதங்களில் வரவழைத்துவிடலாம். அப்படித்தான் 2023-இல் அந்த இலக்கை எட்டினார்கள். பிறகு ஆஸ்பத்திரிகளின் பட்ஜெட் இறுகியது, காலியிடங்களை நிரப்பாமல் நிறுத்திவைத்தார்கள். கல்லூரியிலிருந்து வெளியே வந்தவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

2025 ஜூலையில் வந்த பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், 2035-க்குள் வெளிநாட்டு ஆள்சேர்ப்பைப் பத்து சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் போவதாகச் சொல்கிறது. அடுத்த மாதமே, புதிய நர்சிங் பட்டதாரிகளுக்கு வேலை உத்தரவாதத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். தம் பிள்ளைகளுக்கு அரசு வழிசெய்வது நியாயம்தான். ஆனால் வெளிநாட்டு நர்ஸ் வந்து வேலையைப் பறித்துவிட்டார் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. மருத்துவப் பரிசோதனைகளுக்கு வெளியே உலகில் முதன்முதலாக ஃபைசரின் கோவிட் தடுப்பூசியை 2020 டிசம்பர் 8-ஆம் தேதி கவென்ட்ரியில் போட்டவர் மே பார்சன்ஸ், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நர்ஸ். வேண்டும்போது அழைத்ததும், வேண்டாதபோது நிறுத்துவதும் திட்டமிட்டவர்களின் பொறுப்பு. இரண்டு நர்ஸ்களில் யார் மேலும் தப்பில்லை.

இப்போது ஆளெடுக்கும் மேலாளரின் கணக்கைப் பாருங்கள். நாம் குறைந்த சம்பளத்துக்கு வருவோம், அதனால் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்மூரில் பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இல் அதற்கு இடமில்லை. பதிவு பெற்ற நர்ஸின் ஆரம்ப நிலையான பேண்ட் 5-க்கு 2025-26-இல் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. லண்டனில் படித்தாலும் மதுரையில் படித்தாலும் அதே ஸ்கேல்தான். உங்களை அழைத்துவர ஏஜென்சி கட்டணம், விமான டிக்கெட், முதல் சில வாரத் தங்குமிடம், தேர்வுக் கட்டணம், விசாச் செலவு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய பத்தாயிரம் பவுண்டு கூடுதலாகிறது. ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் தேறிப் பதிவு எண் வாங்கும் வரை நீங்கள் தனிப்பொறுப்பில் மருந்து கொடுக்கவும் முடியாது.

இவ்வளவு செலவழித்து ஏன் எடுக்க வேண்டும்? ஒரே பதில், அனுபவம். நேற்றுப் பட்டம் வாங்கியவர் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை முதல் மாதமே தனியாகப் பார்க்க முடியாது. அதனால் பொது வார்டு பேண்ட் 5 வேலைகளுக்கு இங்கிருந்து விண்ணப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள், அது உள்ளூர்ப் பட்டதாரியின் களம். ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு என்று அனுபவத்தைக் கட்டாயத் தகுதியாகக் கேட்கும் இடங்களைத் தேடுங்கள். விளம்பரத்தில் விசா ஸ்பான்சர்ஷிப் உண்டா என்பதைப் படித்துவிட்டு மேலே போங்கள்.

இப்போதுதான் பிஎஸ்சி நர்சிங் முடித்தீர்களா? ஒரே பிரிவில் இரண்டு வருடமாவது நில்லுங்கள். மாதம் ஒரு வார்டு என்று மாற்றிக்கொண்டே இருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் பயோடேட்டாவுக்கு நல்லதல்ல. அனுபவச் சான்றிதழில் ‘ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்’ என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, என்னென்ன கருவிகள், ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள் என்று எழுதி வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு வேலைக்கும் அவசியத் தகுதி, விரும்பத்தக்க தகுதி என்று ஒரு பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பெண் போட்டு நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே படித்தவருக்கு இது கல்லூரியிலேயே தெரியும், ஒவ்வொரு வரிக்கும் ஓர் உதாரணம் எழுதுவார். நாமோ ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர்’ என்று எழுதிய ஒரே கடிதத்தைப் பத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

நேர்காணலில் அநேகமாக வரும் கேள்வி, நோயாளியின் நிலை மோசமானால் என்ன செய்வீர்கள் என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆபரேஷன் முடிந்த நோயாளி, ஆக்சிஜன் வைக்கவில்லை, நல்ல நினைவோடு பேசுகிறார். மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் அளவு 94, மேல் ரத்த அழுத்தம் 104, நாடி 112, காய்ச்சல் 38.3, நம்மூர்க் கணக்கில் 101 டிகிரி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தூக்கிவாரிப் போடாது. நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண்ணால் காட்ட, அங்கே பெரியவர்களுக்கான வார்டுகளில் பயன்படும் நியூஸ்-2 அட்டவணைப்படி மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. ஐந்து வந்தாலே டாக்டர் விரைந்து பார்க்க வேண்டும், ஏழு என்றால் அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டும். ‘டியூட்டி டாக்டரிடம் சொல்வேன்’ என்பது போதாது. எண்ணைச் சொல்லுங்கள், யாரை எப்படி அழைப்பீர்கள், அவர் வராவிட்டால் அடுத்து யார், எதை எத்தனை மணிக்குப் பதிவு செய்வீர்கள் என்று சொல்லுங்கள். நம் வார்டுகளில் அந்த முடிவை டாக்டருக்கு விட்டுப் பழகியிருக்கிறோம். அங்கே அது உங்கள் முடிவு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது போன்ற வேலைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. இங்கே உறவினரோ ஆயாவோ செய்வதை அங்கே நர்ஸும் செய்கிறார். மனத்தடை இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். வேலை வாங்கித் தருவதற்கு விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. அந்த நெறிமுறைக்கு உட்பட்ட ஏஜென்சிகளின் பட்டியலை என்எச்எஸ் எம்ப்ளாயர்ஸ் அமைப்பு வெளியிடுகிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அங்கே பதிவு செய்துவைப்பது நல்லது. நகையை அடகு வைத்து ஏஜென்ட் கையில் லட்சங்களைக் கொடுத்த குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஐயா, தம்பி என்று எவ்வளவு பாசமாகப் பேசினாலும் பணம் கேட்பவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

வேலை ஆணை வந்ததும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தைத் தேடிப் படியுங்கள். தொகை காலப்போக்கில் குறைகிறதா, எந்தெந்தச் செலவு அதில் சேர்ந்திருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலையில் சேர்ந்த 12 வாரங்களுக்குள் முதல் முறை ஆஸ்கி எழுத வேண்டும், எட்டு மாதங்களுக்குள் பதிவு கிடைக்க வேண்டும். அதற்குப் பயிற்சி தருவார்களா, தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது என்பதையும் கேளுங்கள். குடும்பத்தோடு குடியேறும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஐந்து ஆண்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி என்ற வழக்கத்தைப் பத்து ஆண்டாக்க வேண்டும் என்று 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது. பிள்ளைகளின் படிப்பு, ஊரில் இருக்கும் பெற்றோர், வீட்டுக்கடன் எல்லாவற்றையும் பத்து ஆண்டுக் கணக்கில் வைத்துப் பேசிவிட்டு, அன்றைய விதி என்னவென்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.