உப்பளமும் விழுக்காடும்

சென்னையினின்று புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்வோர் மரக்காணத்தை நெருங்குங்கால், சதுரஞ் சதுரமாக வகுக்கப்பட்ட பாத்திகளையும், அவற்றினருகே குவிந்த வெள்ளிய உப்பையும் காண்பர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். யாம் பிறந்து வளர்ந்தது அவ்வளங்களின் அருகே. எம் தந்தையார் ஆங்குக் கூலிக்கு உப்பு வாருபவர். தமிழ் பயிலும் யாம் கணிதத்தைப்பற்றி எழுதப் புகுந்தது நண்பர்க்கு நகைப்பை விளைக்கலாம். வல்லுநராய் அன்று, தோற்றுத் தோற்று ஒருவாறு கரையேறினவராய் எழுதுகின்றோம். கணிதமென்றால் நடுங்கும் தம்பி தங்கையர் நம் மாணவர் பலர் இல்லங்களிலும் இருப்பரன்றோ?

ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வில் யாம் பெற்றது 100க்கு 17. மறு ஆண்டு பொதுத்தேர்வில் 35 பெறாவிடின், எம் இல்லத்தின் நிலையில் மேற்படிப்பு என்னும் பேச்சிற்கே இடமில்லை. உப்புநீரில் நின்று நின்று வெடித்த தந்தையாரின் பாதங்களை நாள்தோறும் கண்டிருந்த எமக்கு, அதன் பொருள் நன்கு விளங்கியிருந்தது.

அத்தேர்வில் ஒரு வினா: 100 கிலோ உப்புநீரில் 3.5 கிலோ உப்பு உளது. அதனை 26 விழுக்காட்டு உப்புநீராக்க எத்துணை நீர் ஆவியாதல் வேண்டும்? யாம் 26இலிருந்து 3.5ஐக் கழித்து 22.5 கிலோ என எழுதினோம். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. ஏன் என்பது விளங்கவில்லை.

ஐப்பசி மழையில் அளம் மூழ்கித் தந்தையார் வேலையின்றி வீட்டிலிருந்த நாளொன்றில் இக்கணக்கை அவர்க்குப் படித்துக் காட்டினோம். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கேட்டவுடன் நகைத்து, "ஏண்டா, நூறு குடம் இறைச்சா இருபத்திரண்டு குடந்தான் வத்துமா? மீதியெல்லாம் உப்புப் பாத்திக்கு வந்து சேருமா? அப்படின்னா தண்ணி காயவிடுற பாத்தி இத்தனை பெரிசா எதுக்கு, உப்பு வாருற பாத்தி இத்தனூண்டு எதுக்கு?" என்றார்.

யாம் அப்பாத்திகளை ஆயிரம் முறை கண்டிருந்தோம். அக்காட்சிக்கும் கணக்கிற்கும் உறவுண்டு என எண்ணியதே இல்லை. நீர் போகும், உப்புப் போகாது. ஆகவே மாறாது நிற்கும் 3.5 கிலோவைப் பற்றிக்கொண்டன்றோ தொடங்கல் வேண்டும்! அந்த 3.5 கிலோ, எஞ்சும் நீரில் நூற்றுக்கு 26 பங்காதல் வேண்டுமெனின், எஞ்சுவது 3.5ஐ 100ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தது. அஃதாவது ஏறத்தாழ 13.5 கிலோ. ஆவியாவது 86.5 கிலோ. எம் விடையைச் சோதித்தும் பார்த்தோம். 22.5 கிலோ நீங்கின் 77.5 கிலோ எஞ்சும், அதில் 3.5 என்பது 4.5 விழுக்காடே. அந்நீரை உப்புப் பாத்தியில் விட்டால் அது உடனே உப்பாகாது. (கடல்நீரில் கரைந்திருப்பன யாவும் கறியுப்பு அல்ல. ஜிப்சம் முன்னரே படிந்துவிடும். மக்னீசிய உப்புகள் இறுதியிற் கசப்புநீரில் தங்கும். கணக்கின் எளிமை கருதி அனைத்தையும் உப்பென்றே கொண்டனர் போலும்.)

கழித்தற்குரிய இடம் வேறு, விகிதத்திற்குரிய இடம் வேறு என்பதை அறியாமையே எம் நோய். விதிகளை மனப்பாடம் செய்திருந்தோம். அவை எப்பொருளைக் குறிப்பன என்று வினவியதில்லை.

இது எமக்கு மட்டும் உற்ற குறையன்று எனப் பின்னர் அறிந்தோம். பிரேசில் நாட்டு ரெசிபே நகரில் தெருவிற் பண்டம் விற்ற 9 முதல் 15 வயதுவரையுள்ள சிறார் ஐவரை ஆராய்ந்த அறிஞர் மூவர், 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரியான விடை கூறிய அச்சிறார், அவற்றையே எண்களாக மட்டும் தாளிற் கொடுத்தபோது 36.8 விழுக்காடே சரியாகச் செய்தனர். கதைக்கணக்காகக் கொடுத்தபோது 73.7. தேங்காய் ஒன்று 35 ஆயின் நான்கின் விலை 140 எனக் கடையிற் பிழையின்றிக் கூறிய சிறுவனே, 35ஐ 4ஆல் பெருக்கென்று தாளைக் கொடுத்தபோது 200 என எழுதினான். நாலைந்து இருபது, இரண்டு மிச்சம், அவ்விரண்டை மூன்றோடு முன்னரே கூட்டி ஐந்தாக்கி மீண்டும் நான்கால் பெருக்கிவிட்டான். நான்கு தேங்காய்க்கு 200 எவராவது கேட்பரோ என்னும் ஐயம் தாளின்முன் அவனுக்கு எழவில்லை. எமக்கும் எழவில்லையே!

அன்று முதல் விடையை முன்னரே உத்தேசித்துக் குறித்துக்கொண்டே கணக்கைத் தொடங்கினோம். உத்தேசமும் விடையும் மாறுபடின் இரண்டில் ஒன்று பிழை. இவ்வொரு பழக்கமே பாதிப் பிழைகளைக் காட்டிக் கொடுத்தது.

மற்றைப் பாதி பின்னத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பினர் ஆறாம் வகுப்பு நூலைக் கையிலெடுப்பது நாணத்திற்குரியது, எனினும் எடுத்தோம். 1/20, 1/80 இரண்டையும் கூட்டுக என்றால் 2/100 என எழுதியவர் யாம். 2/100 என்பது 1/50. கூட்டிய பின்னர் 1/20இனும் சிறிதாகிவிட்டது! இதனைத் தீர்த்தது பழந்தமிழ்க் கீழ்வாயிலக்கம். திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் 1/320 முந்திரி, 1/80 காணி, 1/20 மா. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். ஆகவே ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் ஐந்து காணி. அஃதாவது 5/80, சுருக்கின் 1/16. அதற்கு முன்னோர் இட்ட பெயரும் மாகாணியே! பகுதியெண்ணை ஒன்றாக்குதல் என ஆசிரியர் பன்முறை கூறியது இதுவே என அப்பொழுதுதான் உணர்ந்தோம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தை அன்றே அறிந்திருப்பின் இன்னும் சில இரவுகள் எஞ்சியிருக்கும்.

பிழைகளுக்கென ஒரு குறிப்பேடு வைத்தோம். அதில் சரியான விடையை எழுதுவதில்லை. எவ்விடத்தில், என்ன நினைத்துத் தவறினோம் என்பதை மட்டும் எழுதி, மூன்று நாள் கழித்து நூலை மூடிவைத்து அக்கணக்கை மீண்டும் செய்வோம். தீர்த்த கணக்கைப் பார்த்துத் தலையசைப்பது எளிது. வெறுந்தாளின்முன் அமர்வதே கடினம். முதன்மாதம் பெரும்பாலும் மீண்டும் தவறின. இராமாநுசனைப்போல் பிறவியறிவு வேண்டுமென்று நண்பனொருவன் ஆறுதல் கூறினான். யாம் வேண்டியது 35 மதிப்பெண். அதற்கு இராமாநுசன் எதற்கு?

அரையாண்டில் 38. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 64. தந்தையார் மதிப்பெண் பட்டியலை இருமுறை பார்த்து, நூற்றுக்கா என்று மட்டும் கேட்டார்.

எல்லாக் கணிதமும் அளத்தில் விளைவதில்லை. எம் தங்கை இப்பொழுது எட்டாம் வகுப்பு. எதிரெண்ணை எதிரெண்ணால் பெருக்கின் நேரெண் ஆவது எவ்வாறு என்று சென்ற விடுமுறையில் வினவினாள். விதியைக் கூறினோம், காரணம் கேட்டாள். கணிதத்துறை நண்பர் ஒருவரை வரும் விடுமுறைக்கு எம்மூர்க்கு அழைத்திருக்கின்றோம்.