சோதனை நாட்களில் விசுவாசத்தைக் காத்தல்

நோயுற்ற பின் முன்போல் ஜெபிக்க இயலவில்லை என்று வருந்துவோர் பலர். வேதாகமத்தைத் திறந்தால் கண் வரிகளின்மேல் ஓடுகிறது. மனமோ ஸ்கேன் முடிவிலும், கட்ட வேண்டிய தொகையிலும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளிடத்திலும் அலைகிறது. கண்களை மூடினால் அயர்வோ அச்சமோ வந்து சூழ்ந்துகொள்கிறது. ‘நம் விசுவாசம் குன்றிப்போயிற்றோ’ என்னும் குற்றவுணர்வு நோயின்மேல் மற்றொரு நோயாய் ஏறிவிடுகிறது. இக்குற்றவுணர்வு தேவையற்றது என்பதையும், இத்தகைய நாட்களில் மனத்தை எதன்மேல் நிறுத்தலாம் என்பதையும் இப்பாடத்தில் சிந்திப்போம்.

படாளத்திலிருந்து பாலாற்றைக் கடந்து செங்கல்பட்டுக்குச் செல்வோருக்குத் திருமணி என்னும் பெயர் புதிதன்று. அங்கே 1924இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. 1955இல் இந்திய அரசு அதனை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோயாளிகளை உறவினரும் ஊராரும் கைவிட்ட காலம் அது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே பணிபுரிந்தபோது, 1947இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் என்னும் இளம் அறுவை மருத்துவர் அவரைக் காண வந்தார். விரல்கள் மடங்கி இறுகிப்போயிருந்த ஒரு நோயாளியிடம், தமது கையைப் பற்றி அழுத்துமாறு பிராண்ட் கேட்டுக்கொண்டார். செயலற்றதென்று தோன்றிய அக்கை, அவர் வலியால் திகைக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது!

அந்த ஒரு பிடியில் பிராண்ட் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். நோய் அக்கையின் வலிமை முழுவதையும் பறித்துவிடவில்லை. சில நரம்புகள் செயலிழந்தமையால் சில தசைகள் ஓய்ந்திருந்தன. முன்கையிலுள்ள வேறு தசைகளோ நலமாயிருந்தன. நலமாயிருக்கும் தசையின் நாணை எடுத்து, ஓய்ந்துபோன விரலோடு இணைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். வேலூரில் அவரும் உடன் பணியாளரும் அம்முறையை வளர்த்தனர். அறுவை முடிந்தவுடன் கை இயங்கிவிடாது. எத்தசை எவ்விரலை அசைக்கும் என்பதை நோயாளி புதிதாய்க் கற்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். இழந்ததை எண்ணி ஏங்கும் மனம், எஞ்சியிருப்பதைக் கொண்டு பழகத் தொடங்குவதும் அத்தகைய பயிற்சியே எனலாம்.

திருமணியில் தொடங்கிய இந்தக் கை அறுவைக் கலை, பிற்பாடு மற்றொருவர் வாழ்வைத் தாங்கிற்று. கேரளத்தில் 1925இல் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் பயின்று அங்கேயே பணியாற்றிவந்த இளம் மருத்துவர். 1954ஆம் ஆண்டு ஜனவரியில் உடன் பணியாளருடன் சென்ற ஊர்தி விபத்துக்குள்ளாகியது. முகத்தில் காயம், தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னரே அவரால் உட்கார முடிந்தது. மருத்துவராயிருந்தவர் நோயாளியானார், பிறரைத் தொட்டுக் குணப்படுத்தியவர், தம் உடலைப் புரட்டிவிடவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

அமர்ந்தவாறே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை ஒன்று உண்டென்று பிராண்ட் அவருக்கு எடுத்துக்கூறினார். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் பணியே அது. கால்களை இழந்தவருக்குக் கைகள் எஞ்சியிருந்தன. அக்கைகள் பிறர் கைகளை மீட்டன. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றுத் திரும்பிய அவர், 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பெற்றது. 1972இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது. 1986இல் மறையும்வரை அவர் கால்கள் இயங்கவேயில்லை என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். சாட்சி சொல்லுமிடங்களில் இப்பகுதியை விரைவாகக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சுகமடைந்தவர் மட்டுமே விசுவாசமுள்ளவர் எனக் கொண்டால், 32 ஆண்டுகள் சக்கர நாற்காலியில் ஊழியம் செய்தவரை எங்கே வைப்பது?

‘யார் செய்த பாவம் இது?’ என்னும் கேள்வி நோயாளியின் படுக்கையருகே இன்றும் கேட்கப்படுகிறது. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு மறுத்ததை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். காண வருவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. பேசத் தொடங்கிய பின்னரே அவனைப் புண்படுத்தினர்.

இனி ஜெபத்தைப் பற்றி. நீண்ட ஜெபம் இயலாதெனில் ஒரு வாக்கியம் போதும். காலையில் ஒரு வசனத்தைத் தேர்ந்து, மருந்து உண்ணும் வேளைதோறும் அதனையே நினைவுகூருங்கள். சிதறும் மனத்துக்கு அது கைப்பிடியாகும். முறையிடவும் தயங்க வேண்டாம். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதாகமத்தின் பகுதிதான். அதுவும் இயலாதபோது பிறர் உங்களுக்காக ஜெபிக்கட்டும். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினர். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றே மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன ஜெபித்தான் என்று அவர் எழுதவில்லை.

ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிராய் நிறுத்துவது பெருந்தீங்கு விளைவிக்கும். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், தேவன் கேட்டருளினார், அதன்பின்னும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். சுகமளிக்கும் கூட்டத்துக்குச் சென்றுவந்த மனவெழுச்சியில் வலிப்பு மாத்திரையையோ, காசநோய் மாத்திரையையோ, இரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். காசநோய்க்கு இடையில் மருந்தை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாய் மாறக்கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர், தபசு காலத்திலோ பொருத்தனைக்காகவோ உபவாசம் இருக்க விரும்பினால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் மருந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்தி மயக்கத்தில் ஆழ்த்தக்கூடும். உணவைத் துறக்க இயலாதவர் கைபேசியை ஒருவேளை துறக்கலாமே!

மனச்சோர்வு இரு வாரங்களுக்குமேல் நீடித்தால், உறக்கம் முற்றிலும் கலைந்தால், ‘இனி வாழ்ந்தென்ன’ என்னும் எண்ணம் எழுந்தால், மறைக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ அன்றே கூறுங்கள். அதுவும் சிகிச்சைக்குரிய நோயே. விசுவாசக் குறைவென்று எண்ணி வெட்கப்பட வேண்டாம்.

நோயாளியின் அருகே இருப்போருக்கு எலியாவின் சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். கர்மேல் மலையில் அக்கினியை வரவழைத்த அதே தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ் விழுந்து சாவை வேண்டினார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி, சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னான். ஓரேபில் தேவன் பேசியது அதற்குப் பின்னரே. ஆகவே தாயையோ கணவரையோ கவனித்துக்கொண்டு தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களே, வேளைக்கு உண்ணுங்கள். உங்கள் சபையாரோ உறவினரோ ‘என்ன உதவி வேண்டும்’ என்று கேட்டால், ‘ஜெபியுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வாரத்தில் ஓர் இரவு வந்து படுக்கையருகே அமரும்படி கேளுங்கள். அந்த இரவில் வீடு சென்று உறங்குங்கள்.