பெரிய கடை காலி செய்தால் சிறிய கடைக்கு என்ன கதி?

வணிக வளாகத்தில் கடை பிடிக்க அட்வான்ஸ் கொடுக்குமுன், சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா கண்ட ஏற்ற இறக்கத்தை நம் வணிகப் பெருமக்கள் அறிந்துகொள்வது நலம்.

ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய கட்டடம் 1983இல் தீக்கிரையாயிற்று. அதே மனையில் எழுந்த புதிய வளாகம் 1991இல் திறக்கப்பட்டது. நம் பக்கத்திலிருந்து சென்னை சென்றவர்கள் அதைச் சுற்றிப் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை! லேண்ட்மார்க், மியூசிக் வேர்ல்ட் போன்ற பெரிய கடைகளுக்கு வந்த கூட்டமே உள்ளிருந்த சிறு கடைகளின் கல்லாவையும் நிரப்பியது. 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. 2013இல் மியூசிக் வேர்ல்ட் நாடு முழுவதும் மூடப்பட்டது. லேண்ட்மார்க்கும் ஸ்பென்சரை விட்டு வெளியேறியது. கூட்டம் கரைந்தது. அங்குள்ள கடைகள் பலருக்கும் தனித்தனியே விற்கப்பட்டவை. ஆகையால் வேறொரு பெரிய கடையைக் கொண்டுவந்து அமர்த்தும் பொறுப்பு எவர் ஒருவரிடமும் இல்லை. நம் கருத்தில் இதுவே பெரிய குறை.

கூட்டம் சேர்க்கும் கடையை இத்தொழிலில் 'ஆங்கர்', அதாவது நங்கூரம் என்பார்கள். பாம்பன்காரருக்கு நங்கூரத்தை விளக்க வேண்டியதில்லை. சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகையில், அல்லது விற்பனையில் ஒரு பங்கு என்ற பேச்சில், பெரிய கடையை உரிமையாளர் உட்கார வைப்பார். அந்தக் குறைவைச் சிறு கடைகளின் கூடுதல் வாடகை ஈடுகட்டும். பெரியவர் போன பிறகும் நமது வாடகை குறையாது.

பெரிய பெயர் என்பதால் நிலைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வாடகை பாக்கி காரணமாக, 2022 பிப்ரவரியில் பிக் பஜார் கடைகள் பல ரிலையன்ஸ் கைக்கு மாறின. அதை நடத்திய பியூச்சர் ரீடெயில் அவ்வாண்டே திவால் நடவடிக்கைக்குள் சென்றது. சரக்கைக் கடனுக்குக் கொடுத்திருந்தவர்களின் பாக்கியும் அதில் சிக்கியது.

பிறர் சேர்க்கும் கூட்டத்தை நம்புவது எப்படிப்பட்டது என்பதை நாமே கண்டோம். 2022 டிசம்பர் முதல், 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை ரயில்கள் பாம்பனைக் கடக்கவில்லை. சாலைப் பாலம் இருந்ததால் சரக்கு வந்தது. ரயிலில் இறங்கும் கூட்டம் வரவில்லை.

எனவே வளாகத்தில் கடை எடுப்போர், பெரிய கடையின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டுக்கு என்று முதலில் கேட்க வேண்டும். அது காலி செய்தால் நமது வாடகை எவ்வளவு குறையும், பராமரிப்புக் கட்டணத்தை யார் ஏற்பது, நாம் முன்கூட்டி வெளியேறினால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கும் உரிமையாளரிடம் வாடகையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.