காற்று வரும் வழி

அன்புள்ள இளவேனில்,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டுட்கார்ட்டில் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில், அறுபதுகளில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பைப் புதுப்பிக்கிற வேலையில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வெற்று மனையில் வரைவதைவிட, ஆட்கள் குடியிருக்கும் பழைய கட்டடத்தைத் திருத்துவதில்தான் இந்தத் தொழில் நன்றாகக் கைவரும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் கேட்டிருந்தாய். அந்தக் குடியிருப்பில் நெடுநாளாக இருக்கும் பெரியவர், "சுவர் மூச்சு விட வேண்டும், வெளியே தெர்மாகோலை ஒட்டி அடைத்தால் உள்ளே பூசணம்தான் பூக்கும்" என்றாராம். "அவர் சொல்வதும் சரிதானே ஐயா?" என்கிறாய். அந்தச் 'சரிதானே'வைப் படித்ததும் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டேன்.

சரியில்லை அம்மா. சுவர் மூச்சு விடுவதில்லை. இந்த நம்பிக்கை எங்கே பிறந்தது என்று தெரிந்தால் இனி அதற்கு மயங்க மாட்டாய். நீ இருக்கும் நாட்டில்தான் பிறந்தது. மியூனிக் நகரத்தில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மாமேதை இருந்தார். சுகாதாரத்தை அறிவியலாக நிறுவியவர்களில் ஒருவர். அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 1858-இல் அவர் வைத்த அளவை இன்றும் பயன்படுத்துகிறோம். அவர் தம் அறையின் இடுக்குகளை எல்லாம் ஒட்டி அடைத்துவிட்டு அளந்து பார்த்தார். காற்று மாறுவது எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அப்படியானால் சுவர் வழியாகத்தான் போகிறது என்று முடிவுகட்டினார். செங்கல்லின் ஒரு பக்கம் வாயால் ஊதி மறுபக்கம் மெழுகுவத்தியை அணைத்தும் காட்டினார்.

ஆனால் வாயால் ஊதும்போது உண்டாகும் அழுத்தம் சில ஆயிரம் பாஸ்கல். வீட்டுச் சுவர்மீது காற்று கொடுக்கும் அழுத்தமோ பெரும்பாலும் சில பாஸ்கல்தான். செங்கல் மேல் சாந்து பூசிவிட்டால் அதனால் நுழையும் கொஞ்சக் காற்றும் போகாது. 1928-இல் ராய்ஷ் என்பவர் முறையாக அளந்து, பூசிய சுவர் வழியே போகும் காற்று கணக்கில் கொள்ளத் தகாதது என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் இந்தப் பேச்சு ஓயவில்லை. பெட்டன்கோஃபர் பிடிவாதக்காரர். காலரா கிருமியால் மட்டும் வருவதல்ல என்று நிறுவ, 1892-இல் அந்தக் கிருமிக் குழம்பையே குடித்தவர். அவருடைய நேர்மைமேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் பெரியவர்களின் பிழைகள் எளிதில் சாவதில்லை.

அப்படியானால் அந்தக் குடியிருப்பில் பூசணம் எங்கிருந்து வருகிறது? இதை நீயே சொல்லியிருக்க வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் குளித்து, சமைத்து, துணி உலர்த்தி, மூச்சுவிட்டு ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் காற்றில் சேர்க்கிறது. பழைய ஜன்னல்களில் இடுக்கு இருந்தவரை அது வெளியேறிக்கொண்டிருந்தது, கூடவே வெப்பமும் போனது. இடையில் எப்போதோ புது ஜன்னல் போட்டிருப்பார்கள், சுவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். இடுக்கு அடைபட்டது, ஈரம் உள்ளே தங்கியது, சுவரோ பழையபடி குளிர்ந்தே கிடந்தது. உள்ளே 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் என்று வைத்துக்கொள். சுவரின் உள்முகம் 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கினால், அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். பூசணத்துக்கு அது போதும், நீர் சொட்டச் சொட்ட நனைய வேண்டியதே இல்லை. அலமாரிக்குப் பின்னால், இரண்டு வெளிச்சுவர் சேரும் மூலையில் அந்த வெப்பநிலைதான் இருக்கும். வெளியே தெர்மாகோல் ஒட்டினால் அந்த மூலை சூடாகிவிடும். அதாவது, பெரியவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதைத் தீர்க்கிற மருந்தையே வேண்டாம் என்கிறார். அவரிடம் பொறுமையாகச் சொல். அவர் பார்த்த பூசணம் பொய்யல்ல, காரணம்தான் வேறு.

ஈரம் சுவருக்குள் ஊடுருவிப் போவதும் உண்டுதான். ஆனால் ஒரு சின்னப் பிளவின் வழியே காற்றோடு சேர்ந்து போகும் ஈரம் அதைப்போலப் பல பத்து மடங்கு. அந்த ஈரக் காற்று வெப்பக்காப்புக்குள் புகுந்து குளிர்ந்தால் அங்கேயே நீராகிறது, மரச்சட்டம் மக்குகிறது. எனவே இடுக்கை அடைப்பது எரிபொருளை மிச்சப்படுத்த மட்டுமல்ல, கட்டடம் அழுகாமல் இருக்கவும்தான்.

இந்த இடத்தில் உனக்கு நான்சென்னைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஃப்ரிட்யோஃப் நான்சென் தம் வடதுருவப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பனிக்கரடிகளுக்காக அல்ல, அவருடைய கப்பலின் சுவருக்காக. 'ஃப்ராம்' என்ற அந்தக் கப்பலை நார்வேயில் காலின் ஆர்ச்சர் கட்டினார். 1892-இல் நீரில் இறக்கி, அடுத்த ஆண்டு புறப்பட்டு, 13 பேரோடு வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் சிக்கவைத்து, 1896 வரை மிதக்கவிட்டார்கள். மூன்று துருவக் குளிர்காலம். எரிபொருளை வீணாக்க வழியே இல்லை. கப்பலின் பக்கச் சுவரில் முதலில் தார் பூசிய ஃபெல்ட், அடுத்து தக்கைத் திணிப்பு, பலகை, தடித்த ஃபெல்ட், காற்றுப் புகாத லினோலியம், கடைசியில் உட்பலகை. கூரையில் இன்னும் அதிகம். பனிமான் மயிர்கூட அடைத்திருந்தார்கள், மேல்தளப் பலகையோடு சேர்த்து ஒன்றேகால் அடித் தடிப்பு. தரையில் ஆறேழு அங்குலத் தக்கை. குளிர் அதிகம் தாக்குகிற மேற்கூரை ஜன்னலுக்கு மூன்று கண்ணாடி.

பலன் என்ன தெரியுமா? வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் அடுப்பு மூட்டவில்லை, ஒரு விளக்கின் சூடே போதுமாக இருந்தது என்று எழுதுகிறார். இடத்தை அடைக்கிறதென்று அடுப்பையே கழற்றிவிட யோசிக்கிறார்! அதைவிட முக்கியமான ஒன்றை அதே இடத்தில் சொல்கிறார். காற்றோட்டத்துக்கென்று தனியாக ஒரு பாய் கட்டி, அதன் வழியாக வெளிக்காற்றைக் குழாய்க்குள் இறக்கினார்களாம். பார்த்தாயா? வெப்பத்தைத் தடுக்கிற அடுக்கு வேறு, காற்றைத் தடுக்கிற அடுக்கு வேறு, காற்று வருகிற வழி வேறு. மூன்று வேலைக்கும் தனித்தனி ஏற்பாடு. இன்றைக்குக் கருத்தரங்கு போட்டுப் பேசுகிற அத்தனையும் அந்த மரக்கப்பலில் இருக்கிறது. வெளியேறும் காற்றின் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கிற கருவி ஒன்றுதான் குறை. காற்றாலை வைத்து மின்விளக்குகூட எரித்தார்கள். சுவரை இப்படிக் கட்டியிராவிட்டால் அந்தக் காற்றாலையால் யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. வீட்டைச் சல்லடையாக விட்டுவிட்டுக் கூரையில் சோலார் பலகை அடுக்கி 'பூஜ்ய ஆற்றல்' என்று பெயர்ப்பலகை மாட்டுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஜெர்மனியில் வெப்பம் அதிகம் தேவைப்படுகிற டிசம்பரில்தான் வெயில் மிகக் குறைவு. பலகை கடைசியில் வரட்டும்.

வெப்பத்தைத் திரும்பப் பிடிக்கிற கருவி இல்லாத அந்தக் குறையும் தீர்ந்தது 1991-இல், நீ இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் எட்டிவிடுகிற டார்ம்ஸ்டாட் நகரத்தில். க்ரானிஷ்டைன் பகுதியில் வரிசையாக நான்கு வீடுகள். அவற்றை உருவாக்கிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட் தம் குடும்பத்தோடு அதில் ஒன்றில் குடியேறினார். இதற்கான பேச்சு 1988-இல் அவருக்கும் ஸ்வீடனின் பேராசிரியர் பூ ஆடம்சனுக்கும் இடையே தொடங்கியது. சுவர் 175 மில்லிமீட்டர் மணல்-சுண்ணாம்புக் கல், அதன் வெளியே 275 மில்லிமீட்டர் தெர்மாகோல். காற்றை நிறுத்துவது எது தெரியுமா? உள்பக்கத்துச் சாந்துப் பூச்சுதான். ராய்ஷ் அளந்து சொன்னதைத்தான் இங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டைச் சூடாக்கும் தேவையைப் பற்றிப் பலரும் மனப்பாடம் செய்வது ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட் என்ற எண்ணை. எனக்குப் பிடித்தது வேறொரு எண், சதுர மீட்டருக்கு 10 வாட். அது வந்த வழியைப் பார். ஓர் ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். அங்கே ஓர் ஆளுக்கு ஏறத்தாழ 30 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. ஆக, சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கன மீட்டர். அந்தக் காற்றை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தூசி கருகி நாறும். ஆகவே அறையின் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிதான் ஏற்றலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்ற 0.33 வாட் மணி. பெருக்கினால் 10 வாட். வீட்டின் தேவை இதற்குள் நின்றுவிட்டால், மூச்சுக்காக எப்படியும் கொண்டுவருகிற காற்றே வெப்பத்தையும் சுமந்துவிடும். ரேடியேட்டரும் அதன் குழாய்களும் வேண்டாம். 20 சதுர மீட்டர் அறைக்கு 200 வாட், பழைய குண்டு பல்பு இரண்டு. யாரோ குழு கூடி வைத்த இலக்கு அல்ல அது, மூச்சுக் கணக்கிலிருந்து தானாக விழுந்த எண். ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் சட்டம் போட்டு, 2020 முடிவுக்குப் பிறகு வரும் புதுக் கட்டடங்கள் எல்லாம் 'ஏறத்தாழப் பூஜ்ய ஆற்றல்' ஆகவேண்டும் என்றது. எண்ணை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது. அதனால் நாட்டுக்கு நாடு தளர்ச்சி. அதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும், விடுகிறேன்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். இங்கே திரும்பி வந்து இதை அப்படியே ஒப்பிக்காதே. இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து வைக்கிற மதுரை வீட்டுக்கு முதல் தேவை கூரைக்குக் காப்பும் ஜன்னலுக்கு நிழலும். காற்றுப்புகாமை அங்கே பொருளற்றது. ஏசி ஓடும் சென்னை அறைக்கோ அது தேவை, ஏனென்றால் இடுக்கு வழியே வரும் கடலோர ஈரத்தைப் பிழிந்தெடுப்பதிலேயே மின்சாரத்தின் ஒரு பங்கு போய்விடுகிறது. ஊரைப் பார்த்து விதியைப் பொருத்து.

இனி உன் கட்டடத்துக்கு வருகிறேன். ஜன்னலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே காற்றோட்டத்துக்கு வழி வரையச் சொல். வெப்பத்தில் முக்கால் பங்குக்குமேல் மீட்கிற கருவி, ஒரு குடும்பத்துக்கு 50 வாட்டுச் சொச்சத்தில் ஓடும். இந்த மாதிரி வீட்டில் ஜன்னலையே திறக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தாராளமாகத் திறக்கலாம், திறந்தே தீரவேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் செய்தி. விசிறியைக் கதவில் பொருத்தி 50 பாஸ்கலில் செய்யும் சோதனையை வேலை முடிந்த பிறகு மட்டுமல்ல, பூச்சும் சட்டங்களும் கண்ணுக்குத் தெரிகிறபோதே ஒருமுறை செய்யச் சொல். மணிக்கு 0.6 தடவைக்குமேல் காற்று மாறக்கூடாது என்பது புதுக்கட்டடத்தின் கணக்கு. பழையதில் 1 வரை வந்தாலும் நல்ல வேலைதான்.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் பால்கனித் தளம் அறைத் தளத்தோடு ஒரே கான்கிரீட்டாக நீளும். வெளியே எத்தனை தடிப்பாகக் காப்பு ஒட்டினாலும் அந்தத் தளம் வெப்பத்தை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும், மேல்மூலையில் பூசணம் திரும்ப வரும். பழைய பால்கனியை அறுத்தெடுத்துவிட்டு, தன் காலில் நிற்கும் புதுப் பால்கனியை வெளியே வைக்கிறார்கள். செலவு அதிகம் என்று உன் அலுவலகம் தயங்கலாம். நீ 12.6 கணக்கைப் போட்டுக் காட்டு.

குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, காற்றுத் தடுக்கும் அடுக்கைக் கூரையிலிருந்து நிலவறை வரை கையை எடுக்காமல் வரைந்து பார். எங்கே கை எழும்புகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது. ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடத்தில் உனக்குக் கட்டாயம் கை எழும்பும். வரைந்ததை அப்படியே படம் பிடித்து அனுப்பு. பால்கனித் தளம் சுவருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் அளந்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்