வீட்டுக்குள்ளே ஒரு சபா... காது பத்திரம்!

"ஆம்ப்ளிஃபயருக்கு அம்பதாயிரம், ஸ்பீக்கருக்கு ஒரு லட்சம்... இவ்வளவு கொட்டியும் கச்சேரி கேட்கிற மாதிரி இல்லையே!" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நம்மிடையே உண்டு. உடனே என்ன செய்கிறார்கள்? வால்யூமைக் கூட்டுகிறார்கள். அப்புறம் இன்னும் பெரிய ஸ்பீக்கர். அப்புறம் மறுபடி வால்யூம். கடைசியில் அடி வாங்குவது யார்? காது!

நல்ல மியூசிக் சிஸ்டம் என்பது கருவி, அறை, காது மூன்றும் சேர்ந்தது. கருவியைக் கடையில் வாங்கலாம். அறையைச் சரிப்படுத்தலாம். காது? போனால் வராது. அதனால் பாடத்தைக் காதிலிருந்தே ஆரம்பிப்போம்.

காதுக்குள்ளே ஒரு வயல்!

உட்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர், காக்ளியா. அதற்குள் சுமார் 15,000 முடி செல்கள். ஒலி வரும்போது இவை, காற்றில் நெற்பயிர் சாய்ந்து நிமிர்வதுபோல் அசைந்து, மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. புயல் அடித்தால் பயிர் சாய்ந்துவிடும் இல்லையா? அதுபோல பெருஞ்சத்தம் நாள்கணக்கில் தாக்கினால் இந்தச் செல்கள் மடிகின்றன. வயலிலாவது அடுத்த போகம் விதைக்கலாம். மனிதக் காதில் மடிந்த முடி செல் மறுபடி முளைப்பதில்லை.

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? வலிக்கவே வலிக்காது!

3 டெசிபல் ரகசியம்

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. ஆனால் காதுக்கு, 'கொஞ்சம் ஏறியிருக்கு' என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், தொழிலாளர்களுக்காக 1998-ல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். ஒரு நாளைக்கு:

85 டெசிபல் - 8 மணி நேரம்
88 டெசிபல் - 4 மணி நேரம்
91 டெசிபல் - 2 மணி நேரம்
94 டெசிபல் - 1 மணி நேரம்
100 டெசிபல் - வெறும் 15 நிமிடம்!

அதாவது, 'சும்மா ஒரு சுற்று' வால்யூமைத் திருப்பினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடுகிறது. செல்போன், ஹெட்போன் போன்றவற்றுக்காக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் தந்த அளவு இன்னும் கண்டிப்பானது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல்தான்.

செல்போனில் ஒலி அளவைக் காட்டும் ஆப்கள் கிடைக்கின்றன. துல்லியமாக இருக்காது. ஆனாலும் உத்தேசமாகத் தெரிந்துகொள்ளப் போதும்.

ஏன் சத்தத்தைக் கூட்டுகிறோம்?

காரணம் மூன்று. ஒன்று, சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகள் நம் காதுக்குச் சரியாக எட்டாது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, அது இதற்காகத்தான். குறைந்த சத்தத்தில் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஃபேன், மிக்ஸி, தெருவில் ஹாரன். இவற்றை அமுக்கவே பாட்டைத் தூக்கி வைக்கிறோம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை இரண்டாம் நம்பருக்கு இறக்கினாலே வால்யூமையும் இறக்கலாம்.

மூன்று, எதிரொலி. வெறும் சுவர் அறையில் வார்த்தை குழம்புகிறது. புரியவில்லையே என்று கூட்டுகிறோம். கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்!

தலையணை தூக்கிய பேராசிரியர்

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில், பேசுவது யாருக்குமே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியருக்கு வந்தது. அவர் ராத்திரி நேரத்தில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அதிலிருந்து ஒரு சூத்திரத்தையே கண்டுபிடித்தார். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் ஆலோசனைப்படி கட்டியதுதான். உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்று என்று இன்றைக்கும் பெயர்.

அந்தச் சூத்திரத்தை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போமா? 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள காலி அறை. சிமென்ட் பூச்சும் டைல்ஸ் தரையும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். கணக்குப்படி சத்தம் அடங்க ஏறக்குறைய 3 விநாடி! பாட்டு கேட்க அரை விநாடிக்குள் இருந்தால் இதம்.

செலவு பெரிதாக இல்லை. தரையில் கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை, ஒரு பஞ்சு மெத்தை, துணி சோபா, புத்தக அலமாரி... சேபினின் மெத்தைகள் செய்த வேலையை இவை செய்யும். ஒன்று மட்டும் முக்கியம். தூசு அலர்ஜி, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் ஜமுக்காளமும் திரையும் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

சதுர அறை வேண்டாம்

ஒவ்வோர் அறைக்கும் சொந்தமாகச் சில சுருதிகள் உண்டு. 12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். அந்த பாஸ் நோட் வந்தால் மட்டும் அறையே 'கும்'மென்று அதிரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி என்றால் மூன்றும் ஒரே சுருதியில் கூடிக்கொண்டு பாட்டையே கெடுக்கும்.

வேறு அறை இல்லையா? நாற்காலியை நகர்த்துங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் வீங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த பாஸ் காணாமல் போகும், கை தானாக வால்யூமுக்குப் போகும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

ஸ்பீக்கர் வைக்கும் முறை

* இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு முக்கோணம். மூன்று பக்கமும் ஆறு ஆறு அடி. பக்கத்தில் கேட்டால் குறைந்த வால்யூமே போதும்.

* மேல்ஸ்தாயியைத் தரும் ட்வீட்டர், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் இருக்கட்டும். அலமாரி உச்சியில் வேண்டாம்.

* மூலையில் திணிக்காதீர்கள். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி வையுங்கள்.

* வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் இடத்திலிருந்து எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே தடித்த துணியோ புத்தக அலமாரியோ வரட்டும்.

* தவழும் குழந்தை உள்ள வீட்டில் உயரமான ஸ்டாண்டைச் சுவரோடு கட்டிவையுங்கள். இழுத்தால் தலையில் விழும்.

கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம். போதுமான தடிமன் உள்ள சாதாரணச் செம்புக் கம்பியே போதும். அந்தப் பணத்தில் நல்ல திரை தைக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

'ம்ம்ம்...' என்று ஸ்பீக்கர் முனகினால், "எர்த் பின்னை வெட்டிவிடு, சரியாகிடும்" என்று யோசனை சொல்வார்கள். உயிருக்கு உலை வைக்கும் யோசனை அது! எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் முனகல் அடங்கும். வால்வ் ஆம்ப்ளிஃபயரை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே பல நூறு வோல்ட் ஓடுகிறது. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்பதும் கட்டுக்கதை. ஒலியைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். அட்டை தீப்பிடிக்கும், அவ்வளவுதான். நம் நாட்டு ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்குச் சொல்வது பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், பச்சைக் குழந்தை இருக்கலாம்.

லட்சம் செலவழிக்கும் முன்...

காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆடியோகிராம் என்ற வலியில்லாத சோதனை. பெருஞ்சத்தம் காதைக் கெடுத்திருந்தால் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். பேச்சு நன்றாகக் கேட்கும்போதே இது காட்டிக்கொடுத்துவிடும். வயது ஏற ஏற மேல்ஸ்தாயி குறைவதும் இயற்கை. தாத்தா டிவியை அலறவிட்டால் கோபப்படாமல் அவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.

பாட்டு கேட்டு முடித்ததும் காதில் 'கொய்ங்' என்று சத்தம், பஞ்சு அடைத்தது போன்ற மந்தம்... இதெல்லாம் எச்சரிக்கை மணி. அன்றைக்குக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். அழுக்கு என்று நினைத்து ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ் எதையும் உள்ளே விடாதீர்கள்.

திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால்? "சளியாக இருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். சீக்கிரம் சிகிச்சை ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

கடைசியாக ஒரு சுலபமான சோதனை. பாட்டு ஓடும்போது, கை எட்டும் தூரத்தில் இருக்கும் உங்கள் மனைவியோ கணவரோ சாதாரணக் குரலில், "காபி வேணுமா?" என்று கேட்கட்டும். காதில் விழுந்தால் பரவாயில்லை. விழவில்லையா? வால்யூமை இப்போதே குறையுங்கள்!