கையெழுத்துக்கு முன் கணக்கு: சாலை விபத்துப் படுகாயத்துக்கு எந்த வழியில் இழப்பீடு கேட்பது?

சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்கும், தலையில் அடிபட்டுப் பேச்சும் நினைவும் குன்றியவருக்கும், இரண்டு கால்களையும் இழந்தவருக்கும் சட்டம் ஒரே ஒரு முறைதான் இழப்பீட்டை நிர்ணயிக்கிறது. இறுதித் தீர்ப்புக்குப் பிறகு புதிய சிகிச்சைச் செலவு வந்துவிட்டது என்று மறுபடியும் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை, வருங்காலச் செலவையும் அப்போதே கணக்கிட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆனால் காயம் ஒருமுறையோடு நிற்பதில்லை. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, பிசியோதெரபி, சக்கர நாற்காலி, புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் என்று அது முப்பது நாற்பது ஆண்டுகள் கூடவே வருகிறது. எந்த வழியில் பணம் சீக்கிரம் வரும் என்றுதான் குடும்பங்கள் முதலில் கேட்கின்றன. எந்த வழி இந்த நாற்பது ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், பெரும்பாலான படுகாய வழக்குகளில் அந்தச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் முழு மனு போடுவதே சரியான வழி என்ற முடிவுக்குத்தான் வர முடிகிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் எளிய வழியைப் பார்ப்போம். 2019இல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 164ஆம் பிரிவு, யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே இழப்பீடு தருகிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். விரல் முறிவுக்கும் கழுத்துக்குக் கீழ் முழுவதும் செயலிழப்பதற்கும் இங்கே ஒரே தொகைதான். சிறிய முறிவுக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆயுளுக்கும் படுக்கையில் கிடக்கப் போகிறவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் சமரசம் பேசும் 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்று 166ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மருத்துவமனைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் தவிக்கும் நாளில் நீட்டப்படும் காகிதத்தில் இது இருக்கலாம். எந்தப் பிரிவின் கீழ் பணம் தருகிறார்கள் என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

166ஆம் பிரிவின் கீழ் கணக்கு வேறு மாதிரி போகிறது. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்த, 30 வயதுக் கொத்தனார் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாகனம் மோதி முதுகுத்தண்டில் அடிபட்டு இனி எழுந்து நிற்க முடியாத நிலை. பிரணய் சேத்தி வழக்கின் 2017 தீர்ப்புப்படி, நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் குறைந்தவருக்கு வருங்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். காய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக மாத வருமானம் 25,200. ஆண்டுக்கு 3,02,400. 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பு வகுத்த அட்டவணையில் 26 முதல் 30 வயதுக்கு மல்டிபிளையர், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 17. பெருக்கினால் 51,40,800 ரூபாய். உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு அந்தக் கழிவு கிடையாது. இது வருமான இழப்பு மட்டும்தான். மருத்துவச் செலவு, வலியும் வேதனையும், இழந்த வாழ்வின் சுகங்கள், உதவியாளர் செலவு எல்லாம் தனித்தனித் தலைப்புகளில் கூடும்.

இந்தக் கணக்கு தானாக நடந்துவிடாது, அதற்காக வாதாட வேண்டும். பெரும் தொகை தொலைந்துபோகும் இடம் ஊனச் சதவீதம். மருத்துவக் குழு 70 சதவீதம் என்று சான்று தந்தால், அந்த 70ஐ அப்படியே வருமான இழப்பாக எடுப்பது ஒரு வழக்கம். அப்போது 51 லட்சம் 35,98,560 ஆகச் சுருங்கும். அதைவிட மோசம், தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் வெகுகாலமாகப் பழகிய, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்ற முறை. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 70 சதவீத ஊனத்துக்கு மூன்றரை லட்சம்தான் மிஞ்சும். 2010இன் ராஜ் குமார் தீர்ப்பு இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறது: உடலின் ஊனம் எவ்வளவு என்பது ஒன்று, அந்த ஊனத்தால் இந்த மனிதர் செய்துவந்த தொழிலில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது வேறு. இடது கையை இழந்த ஓட்டுநருக்கும் எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல. சாரத்தில் ஏற முடியாத கொத்தனாருக்கு 70 சதவீத ஊனம் நூறு சதவீத வருமான இழப்பே. உங்கள் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பை மனுவிலும் சாட்சியத்திலும் கொண்டுவருகிறாரா, மருத்துவரைச் சாட்சியாக விசாரிக்கிறாரா என்பதுதான் அவரைத் தேர்ந்தெடுப்பதற்கான உரைகல்.

உதவியாளர் செலவிலும் அப்படித்தான். 12 வயதில் விபத்தில் சிக்கி மூளை பாதிக்கப்பட்டு முற்றிலும் பிறரைச் சார்ந்துவிட்ட ஒரு சிறுமியின் வழக்கில், 2020இல் உச்ச நீதிமன்றம் இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 5,000 வீதம் கணக்கிட்டு, அதையும் ஆண்டுக் கணக்காக்கி மல்டிபிளையர் 18ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய் வழங்கியது. உயர் நீதிமன்றம் 25,78,000 என்று நிர்ணயித்த மொத்தத் தொகை 62,27,000 ஆயிற்று. பெரும்பாலான வீடுகளில் அந்த உதவியாளர் வேறு யாருமில்லை, மனைவியோ தாயோதான். அவர் சம்பளம் வாங்கவில்லை என்பதால் அந்த உழைப்புக்கு விலையில்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிட்டால் அதை ஏற்கக் கூடாது. வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவர் செய்யும் பணியை வெளியாள் ஒருவர் செய்தால் என்ன ஆகுமோ அதுவே அளவு.

வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: தொழிலாளர் துணை ஆணையரிடம் கேட்கும் தொழிலாளர் இழப்பீடு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இது 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. பழைய சட்டத்தில் 2020 முதல் மாத ஊதிய உச்சவரம்பு 15,000. முழு நிரந்தர ஊனத்துக்கு அதில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்குவார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98. நமது கொத்தனார் வேலையில் இருந்தபோதே அடிபட்டிருந்தால் இந்தக் கணக்குப்படி 18,71,820 ரூபாய் கிடைக்கும். உதவியாளர் செலவென்று தனித் தலைப்பு கிடையாது. பிறகு ஏன் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? தவறு தம்முடையதாக இருக்கும்போது. தன் கவனக்குறைவால் லாரியைக் கவிழ்த்த சம்பள ஓட்டுநர் 166ஆம் பிரிவில் வெல்ல முடியாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கு அந்தத் தடை இல்லை. அவருக்கு இதுவே வழி. அடுத்தவர் வாகனம் மோதி அடிபட்ட தொழிலாளி, சீக்கிரம் முடியும் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பது பெரும் நஷ்டம். இஎஸ்ஐ அட்டை உள்ளவர் இந்தத் தொழிலாளர் இழப்பீட்டைத் தனியாகக் கேட்க முடியாது. அவருக்கு இஎஸ்ஐயின் மாதாந்திர ஊன உதவித்தொகை உண்டு.

சமரசத்தில் வழக்கை முடிக்கும் லோக் அதாலத் பற்றி இரண்டு தரப்பிலும் மிகையாகப் பேசுகிறார்கள். அங்கே ஒரே அமர்வில் வழக்கு முடியும், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீட்டு இழுபறி கிடையாது. மேல்முறையீடு கிடையாது என்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். படுகாயத்தில் லோக் அதாலத்தைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் குழுவின் ஊனச் சான்று கைக்கு வந்து, மேலே காட்டியதுபோலக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் போகலாம். அந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துச் சில ஆண்டுகள் காத்திருப்பதைத் தவிர்ப்பது விவேகம். பாதியை விட்டுக்கொடுப்பது, பிற்காலச் சிகிச்சையை விட்டுக்கொடுப்பது. இன்சூரன்ஸ் அதிகாரி நேரடியாகத் தரும் சமரசத் தொகைக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

வீட்டில் அடுப்பெரியாதபோது நான்கைந்து ஆண்டு எப்படிக் காத்திருப்பது என்பது தீர்ப்பாய வழிக்கு எதிராக வரும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. முன்பு 140ஆம் பிரிவின்படி நிரந்தர ஊனத்துக்கு இடைக்காலமாக 25,000 ரூபாயாவது கிடைத்தது. சட்டத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. இது சட்டமியற்றியவர்கள் விட்ட குறை. ஆனாலும், காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மனுத் தேதியிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீதம் தருகிறார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தாலும், தொகையைச் செலுத்தச் செய்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றம் அனுமதிப்பது வழக்கம். அரசுப் பேருந்து மோதியிருந்தால் போக்குவரத்துக் கழகமே நேரடியாகக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் பஸ்ஸை ஜப்தி செய்யும் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும், போனால் பணம் வருகிறது. வழக்கறிஞரே பாதியைக் கொண்டுபோய்விடுவார் என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு: கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன.

166ஆம் பிரிவு உதவாத இடங்களும் உண்டு. மோதிவிட்டுப் போன வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் 161ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மட்டும். கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தன் பைக்கில் தானே விழுந்தவருக்குத் தீர்ப்பாயம் இல்லை. பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது 166(3). இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. அவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உடல்நிலை தேறாமலே மனுப் போடலாம், தேறிய பிறகு கணக்கைத் திருத்தலாம். கேட்டதைவிட அதிகமாக வழங்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. விபத்து நடந்த ஊர்தான் என்றில்லை, நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்ஐஆர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீதுகள், வருமானத்தைக் காட்டும் எந்தத் தாளாக இருந்தாலும் அது, எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.