கணக்காய்வுத் துறையின் முதற் பெண்மணி

கணக்கு என்றதும் உங்களுள் பலர் முகம் சுளிப்பது தெரிந்ததே. ஆனால், பாடநூலில் வரும் கணக்கு வேறு. ஊர்ப் பணத்தின் கணக்கு வேறு. முன்னதில் பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும். பின்னதில் பிழை நேர்ந்தால் ஏழையின் உழைப்பு வீணாகும். ஒருவர் எழுதி வைத்த கணக்கை அதில் தொடர்பில்லாத மற்றொருவர் ஆராய்ந்து, மெய்யா பொய்யா என உரைக்கும் தொழிலே கணக்காய்வு. இந்தியாவில் இதனைத் தணிக்கை என்றும் வழங்குவர்.

அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கம் 120 குடும்பங்களிடம் தலா 5 வெள்ளி திரட்டுகிறது எனக் கொள்வோம். வரவு 600 வெள்ளி. பந்தும் வலையும் வாங்கிய வகையில் செலவு 450 வெள்ளி. இருப்பு 150 வெள்ளி. கூட்டலும் கழித்தலும் சரியாகவே உள்ளன. கணக்காய்வாளர் இத்துடன் மனநிறைவு கொள்வாரா? கொள்ளமாட்டார். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் உண்மையிலேயே 120 அடிச்சீட்டுகள் உள்ளனவா, கடைக்காரர் தந்த சீட்டில் 450 என்று உள்ளதா அல்லது 350 என்பது திருத்தப்பட்டுள்ளதா, வாங்கிய பந்தும் வலையும் பள்ளியில் இருக்கின்றனவா, மீதி 150 வெள்ளி வங்கிப் புத்தகத்தில் பதிவாகியுள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்த பின்னரே கையொப்பமிடுவார். கூட்டல் சரியாக இருக்கும் பொய்க் கணக்குகள் உலகில் ஏராளம். செக்ரோலில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று படிக்க இயலாமல் கைந்நாட்டு வைத்த முன்னோரின் வழிவந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய பொறுப்பான தொழிலில் பெண்களுக்கு இடமில்லை என்றே உலகம் நெடுங்காலம் கூறி வந்தது. இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் அம்மையார் சொந்தமாகக் கணக்காய்வு நிலையம் நடத்திய திறமைசாலி. அந்நாட்டுப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக அவர் 1891இல் விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டார். பெண்களுக்கு இருந்த தடைகளை நீக்கும் சட்டம் 1919இல் பிறந்த பிறகு, 1920இல்தான் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அப்பொழுது அவருக்கு அகவை 75. ஒரு கையொப்பத்தின் உரிமைக்காக எத்துணை நீண்ட காத்திருப்பு!

இந்தியாவில் இக்கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர் பெயர் ஆர். சிவபோகம். 1907ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் பிறந்த அவர், சென்னை இராணி மேரி கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். இளம் பருவத்திலேயே கணவரை இழந்தும் கல்வியைக் கைவிடாது பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களுக்கு இல்லம் அமைத்துக் கல்வி தந்த சகோதரி சுப்புலட்சுமியின் வழிகாட்டல் அவருக்குக் கிடைத்தது.

அது விடுதலைப் போராட்டக் காலம். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்ற சிவபோகம், கதராடை பூண்டு, அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் செய்தார். அதன் விளைவாக ஓராண்டுக் காலம் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறை மீண்டவர்கள் ஓய்வை நாடுவது இயல்பு. அவரோ எந்தப் பெண்ணும் எழுதித் தேறாத கணக்கியல் பட்டயத் தேர்வை எழுதி, 1933இல் வெற்றி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை.

தேர்வில் வென்றும் தடை நீங்கவில்லை. கணக்காய்வாளராகப் பதிவு பெறுவதற்கு அரசாங்கம் வகுத்திருந்த விதிகளின்படி, சிறை சென்றோர்க்கு அவ்வுரிமை இல்லை. கையாடல் செய்தவரை விலக்கி வைப்பது முறையே. நாட்டுக்காகச் சிறை சென்றவரையும் அதே வரிசையில் நிறுத்துவது எவ்வகையில் நியாயம்? சிவபோகம் அம்மையார் ஒதுங்கிக்கொள்ளவில்லை. சட்டத்தின் வழியாகவே வழக்காடித் தம் உரிமையை மீட்டார். 1937ஆம் ஆண்டில் சென்னையில் தனித்துத் தொழில் நடத்தத் தொடங்கினார். தேர்வில் தேறி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இது கைகூடியது என்பதை நினைவிற் கொள்க.

விடுதலைக்குப் பின், 1949இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தோன்றியது. அதன் தென்னிந்திய வட்டார மன்றத்திற்கு 1955 முதல் 1958 வரை சிவபோகம் அம்மையாரே தலைவர். ஆடவர்களே நிறைந்திருந்த அவையில் அவர் நடுநாயகமாக வீற்றிருந்தார்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில், 1957இல், சென்னை மாநகராட்சியின் முதற் பெண் மேயராகத் திருமதி தாரா செரியன் பொறுப்பேற்றார். அம்மாநகராட்சி நிறுவப்பட்டது 1688இல். அங்கு ஒரு பெண் தலைமை ஏற்க 269 ஆண்டுகள் ஆயின! தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு முதலிய பணிகளுக்காக மக்கள் தரும் வரிப்பணத்தை நிருவகிப்பது நகராட்சி மன்றம். அப்பணம் உரிய வழியில் செலவாயிற்றா என்று காண்பது கணக்காய்வு. ஒன்று செலவிடும் கை. மற்றொன்று காவல் காக்கும் கண். ஒரே நகரில், ஒரே வேளையில், இவ்விரு துறைகளிலும் பெண்கள் தலைமை வகித்தது வியப்புக்குரியது. ஆனால் வழி திறந்தவுடன் கூட்டம் வந்துவிடவில்லை. சென்னை தன் இரண்டாம் பெண் மேயரை 1971இலும், மூன்றாம் பெண் மேயரை 2022இலும்தான் கண்டது.

சிவபோகம் அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெரும் நிறுவனங்களின் ஏடுகளைப் புரட்டிய கைகள் இறுதிவரை கதராடையையே விரும்பின. தமக்குப் பின் வரும் பெண்களை ஊக்குவிக்க எண்ணிய அவர், பட்டயக் கணக்காளர் இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறும் பெண்களுள் சிறந்தவருக்கென 1956இல் ஒரு பரிசை நிறுவினார். 1966ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள், தம் 58ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.